கணினிக் கேள்வி பதில்: பூட் டிரைவுக்கு எந்தக் கூடு?

கேள்வி: என்னிடம் 2017-ஆம் ஆண்டு மாடலான 21.5 அங்குல ஐமேக் இருக்கிறது. அச்சகங்களுக்குப் பக்க வடிவமைப்பு செய்து கொடுப்பதற்கு அதைத்தான் பயன்படுத்துகிறேன். வாங்கிய புதிதில் நன்றாக ஓடிய கணினி, இப்போது தொடங்கித் திரை தெளிவதற்கே நான்கைந்து நிமிடம் எடுத்துக்கொள்கிறது. உள்ளே இருக்கும் 1 டிபி ஹார்ட் டிஸ்கை மாற்ற வேண்டுமானால் திரையைப் பெயர்த்தெடுக்க வேண்டும் என்றும், அப்போது திரை உடைந்தால் தாம் பொறுப்பில்லை என்றும் பழுது பார்ப்பவர் சொல்கிறார். எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் சில்லுகளில் தகவலை வைக்கும் டிரைவ்) ஒன்றை வெளிக்கூட்டில், அதாவது கணினியோடு கம்பியால் இணையும் சிறு பெட்டியில் போட்டு, அதிலிருந்தே கணினியை பூட் செய்யலாம், அதாவது தொடங்கலாம் என்கிறார் நண்பர். கடையில் விசாரித்தால் சில நூறு ரூபாய் பிளாஸ்டிக் கூட்டிலிருந்து பல ஆயிரம் ரூபாய் தண்டர்போல்ட் கூடு வரை எடுத்துக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது? (வாசகர், சிவகாசி)

பதில்: உங்கள் நண்பர் சொன்னது சரியான வழி. 2012-ஆம் ஆண்டின் இறுதியில் மெல்லிய ஐமேக் வந்ததிலிருந்து, அதுவரை காந்தத்தால் பிடித்துவைத்த முன்கண்ணாடியை விட்டுவிட்டு, திரையையே பசைப்பட்டையால் சட்டத்தோடு ஒட்டும் முறைக்கு ஆப்பிள் மாறிவிட்டது. அந்தப் பசையை அறுத்து, திரையை விரிசலில்லாமல் தூக்கி, மறுபடி புதுப் பட்டை போட்டு ஒட்டுவதற்குப் பழகிய கை வேண்டும். ஆகவே உங்கள் ஊர்க்காரர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது.

கூட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன், கணினி ஏன் மெதுவானது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிச் செலவை மிச்சப்படுத்தலாம். உங்கள் ஐமேக்கின் உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் தட்டு. அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிவினாடி. வேண்டிய தகவல் இருக்கும் இடம் படிக்கும் முனைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த முனை சரியான தடத்துக்கு நகரவே பத்துப் பன்னிரண்டு மில்லிவினாடி போய்விடும். இரண்டையும் கூட்டினால், அங்குமிங்கும் சிதறிக் கிடக்கும் சிறு துண்டுகளை வினாடிக்கு 60 என்ற அளவில்தான் அந்தத் தட்டால் எடுத்துத்தர முடியும். இயங்குதளம் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடிப் படிக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால், நான்கு நிமிடம் எங்கே போகிறது என்பது விளங்கும்.

வாங்கிய புதிதில் அது நன்றாக ஓடியதற்கும் காரணம் உண்டு. 2018-இல் வந்த மொஹாவி பதிப்பிலிருந்து ஹார்ட் டிஸ்கில் இருக்கும் மேக் இயங்குதளத்தையும் ஏபிஎஃப்எஸ் என்னும் புதிய கோப்பு முறைக்கு ஆப்பிள் மாற்றியது. எஸ்எஸ்டியை மனதில் வைத்து உருவாக்கப்பட்ட அந்த முறை, ஒரு கோப்பில் மாறிய பகுதியைப் பழைய இடத்திலேயே திருத்தாமல் வேறோர் இடத்தில் புதிதாக எழுதுகிறது. எஸ்எஸ்டிக்கு எந்த இடமும் ஒரே தொலைவுதான் என்பதால் அதற்கு இதில் நட்டமில்லை. சுழலும் தட்டுக்கோ நாளாக நாளாகக் கோப்புகள் சிதறி, ஒவ்வொரு துண்டுக்கும் முனை ஓடியாட வேண்டியதாகிறது. எனவே மாதாமாதம் ‘சுத்தம் செய்யும்’ மென்பொருள்களை ஓட்டுவதால் உங்கள் கணினி மீளப்போவதில்லை.

இப்போது கூட்டுக்கு வருவோம். எஸ்எஸ்டி ஒரு சிறு துண்டை எடுத்துத்தர ஏறத்தாழ 0.1 மில்லிவினாடிதான் எடுத்துக்கொள்கிறது. ஹார்ட் டிஸ்கின் 17 மில்லிவினாடியோடு ஒப்பிட்டால் இது நூற்றைம்பது மடங்குக்கு மேலான முன்னேற்றம். இந்த முன்னேற்றத்தின் பெரும்பகுதி, கூடு நடுத்தர விலையில் இருந்தாலும் உங்களுக்குக் கிடைத்துவிடும். கூட்டின் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 10 ஜிகாபிட், 20 ஜிகாபிட், 40 ஜிகாபிட் என்ற எண்களெல்லாம் பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் நகலெடுக்கும்போது வரும் உச்ச வேகத்தைத்தான் குறிக்கின்றன. பூட் டிரைவ் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்வதில்லை. அதன் வேலை, நாள் முழுவதும் சிறு சிறு துண்டுகளைக் கேட்டவுடன் தருவதும், ஒரு கணம்கூடத் தொடர்பு அறுந்துபோகாமல் இருப்பதும்தான். பென் டிரைவ் நடுவில் கழன்றால் ஒரு நகல் கெடும். பூட் டிரைவ் கழன்றால் கணினியே அந்த இடத்தில் உறைந்துவிடும், சேமிக்காத வேலையெல்லாம் போய்விடும். ஆகவே முதலில் அறுபடாத இணைப்பையும், அடுத்து கூட்டுக்குள் இருக்கும் பாலச் சில்லின் (பின்னால் விளக்குகிறேன்) தரத்தையும், அதற்கடுத்து வெப்பத்தையும், கடைசியாக உச்ச வேகத்தையும் பார்க்குமாறு சொல்வேன். கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

உங்கள் ஐமேக்கின் பின்புறத்தில் இரண்டு வகைத் துளைகள் உள்ளன. செவ்வகமான பழைய யூஎஸ்பி துளைகள் நான்கும் 5 ஜிகாபிட் வேகம் கொண்டவை. ஒவ்வோர் 8 பிட்டையும் 10 பிட்டாக மாற்றி அனுப்பும் முறை அதில் இருப்பதால் கணக்கில் வினாடிக்கு 500 எம்பி, நடைமுறையில் 400 முதல் 450 எம்பி வரை கிடைக்கும். நீள்வட்டமான டைப்-சி துளைகள் இரண்டும் தண்டர்போல்ட் 3 என்னும் அதிவேக இணைப்புக்கானவை. அவற்றில் சாதாரண யூஎஸ்பி கூட்டைச் செருகினால் 10 ஜிகாபிட் வரை, அதாவது நடைமுறையில் வினாடிக்கு ஏறத்தாழ 1000 எம்பி வரை போகும். ‘20 ஜிகாபிட்’ என்று விற்கப்படும் யூஎஸ்பி கூடுகளை வாங்க வேண்டாம். அந்த இரட்டைத்தட முறையை உங்கள் ஐமேக் அறியாது என்பதால் அவையும் 10-க்கு இறங்கித்தான் ஓடும்.

கூடுகளில் மூன்று வகையைக் காட்டியிருப்பார்கள். முதலாவது, சாட்டா என்னும் பழைய இணைப்பு முறை கொண்ட 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கானது. சாட்டாவின் உச்சமே வினாடிக்கு 550 எம்பி அளவுதான். பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய நல்ல சாட்டா எஸ்எஸ்டி கையில் இருந்தால், இந்தக் கூட்டில் போட்டுத் தயங்காமல் பூட் செய்யலாம். சூடும் அதிகம் ஏறாது, மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். இரண்டாவது, சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வடிவத்தில், என்விஎம்இ என்னும் வேகமான புதிய முறையில் இயங்கும் எஸ்எஸ்டிக்கான 10 ஜிகாபிட் யூஎஸ்பி கூடு. எஸ்எஸ்டியையும் புதிதாகத்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால் நான் இதைத்தான் பரிந்துரைப்பேன். நாளை வேறு கணினிக்கு மாறினாலும் அந்த எஸ்எஸ்டியை உள்ளேயே பொருத்திக்கொள்ளலாம். மூன்றாவது, தண்டர்போல்ட் 3 கூடு. இதில் என்விஎம்இ எஸ்எஸ்டி கணினியின் உள்ளே இருப்பது போலவே நேரடியாக இணைகிறது. வினாடிக்கு 2500 எம்பிக்கு மேலும் போகும். ஆனால் உங்கள் ஐமேக் மேக் இயங்குதளத்தின் வென்ச்சுரா பதிப்போடு நின்றுவிட்டது; அதற்கு மேல் ஆப்பிள் புதிய பதிப்பு தருவதில்லை. அதற்குப் பல ஆயிரம் ரூபாய் கூடு என்பது ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்ற கதையாகிவிடும். தினமும் 50 ஜிபி, 100 ஜிபி அளவில் வீடியோ தொகுப்பவராக இருந்தால் வேறு பேச்சு. பக்க வடிவமைப்புக்கு அது தேவையில்லை.

இனி, பலரும் கவனிக்காத பாலச் சில்லைப் பற்றி. கூட்டுக்குள் இருக்கும் சிறிய சில்லு ஒன்றுதான் எஸ்எஸ்டியின் மொழியை யூஎஸ்பி மொழிக்கு மாற்றித் தருகிறது. ஏஎஸ்மீடியா, ரியல்டெக், ஜேமைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் சில்லுகள்தான் சந்தையில் பரவலாக உள்ளன. என்விஎம்இ கூடுகளில் ஏஎஸ்எம்2362, ஆர்டிஎல்9210பி, ஜேஎம்எஸ்583 என்பவை அடிக்கடி கண்ணில் படுபவை. அட்டைப்பெட்டியிலோ விற்பனைப் பக்கத்திலோ சில்லின் எண்ணை வெளிப்படையாகப் போட்டிருக்கும் கூட்டையே வாங்குங்கள்; போடாதவர்கள் இந்த மாதம் ஒரு சில்லும் அடுத்த மாதம் மலிவாகக் கிடைத்த வேறொன்றும் வைத்து அதே பெயரில் விற்கக்கூடும்.

அந்தச் சில்லு யூஏஎஸ்பி என்னும் முறையை ஆதரிக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். யூஎஸ்பி என்று அவசரத்தில் படித்துவிடாதீர்கள். நடுவில் ஓர் ‘ஏ’ இருக்கிறது. பழைய முறையில் செல்லும் கூடு, ஒரு மேசைக்காரருக்கு இட்லியைக் கொண்டுவந்து வைத்த பிறகே அடுத்த மேசைக்காரரிடம் என்ன வேண்டும் என்று கேட்கும் பரிமாறுபவரைப் போன்றது. யூஏஎஸ்பி இருந்தால் நான்கு மேசையின் தேவையையும் ஒரே நடையில் கேட்டுக்கொண்டு போய், எது முதலில் தயாராகிறதோ அதை முதலில் கொண்டுவரும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்கும்போது இரண்டுக்கும் வேறுபாடு அதிகம் தெரியாது. பத்து மென்பொருள்கள் ஒரே நேரத்தில் சிறு துண்டுகளைக் கேட்கும் பூட் டிரைவில் நன்றாகத் தெரியும்.

இணைப்பு அறுபடுவதைப் பற்றிச் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நான் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய சாட்டா கூட்டில், பட்டையாக இரண்டு பகுதி கொண்ட அந்தப் பழைய மைக்ரோ-பி துளை இருந்தது. மேசையில் புத்தகத்தைச் சற்று ஓங்கி வைத்தாலே கணினி உறைந்தது. எஸ்எஸ்டிதான் பழுது என்று நினைத்து அதை மாற்றினேன். பிறகு இயங்குதளத்தை மறுபடி நிறுவினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் துளையில் கம்பி ஆடுவதைக் கண்டுபிடித்தேன். டைப்-சி துளை உள்ள கூட்டையே வாங்குங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். கூட்டோடு வரும் குட்டையான கம்பியையே பயன்படுத்துங்கள். இடையில் ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி) எதையும் வைக்க வேண்டாம். கூட்டை ஐமேக்கின் தாங்கியின் பின்புறத்தில் ஒட்டும் நாடாவால் பொருத்திவிட்டால், துடைக்கும்போது கை பட்டு இழுபடும் ஆபத்தும் இருக்காது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. யூஎஸ்பி 3 சாதனங்கள் இயங்கும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலை வெளிவிடுகின்றன என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆவணத்தில் விளக்கியிருக்கிறது. உங்கள் ஐமேக்கின் விசைப்பலகையும் மவுசும் புளூடூத்தில், அதே அலைவரிசையில் இயங்குபவை. புதுக் கூட்டைச் செருகிய பிறகு மவுசு விட்டுவிட்டு நகர்ந்தால், அதைக் குறை சொல்லாமல் கூட்டைச் சற்றுத் தள்ளி வைத்துப் பாருங்கள். முழு அலுமினியக் கூடு இந்த இரைச்சலையும் ஓரளவு அடக்கும்.

வெப்பத்துக்கும் அலுமினியம்தான் மருந்து. என்விஎம்இ எஸ்எஸ்டி வேலை மிகுந்த நேரத்தில் 70 டிகிரியைத் தொடுவது இயல்பு. அதற்கு மேல் ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரி இருக்கும் ஊர்களில் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதை அடைப்பது நல்லதல்ல. எஸ்எஸ்டிக்கும் கூட்டின் மூடிக்கும் இடையில் வைக்க மெத்தென்ற வெப்பப்பட்டை ஒன்று உடன் வரும். அதன் இருபுறத்து மெல்லிய தாளையும் உரித்துவிட்டு ஒட்டுங்கள். தாளோடு ஒட்டிவிட்டுக் கூடு சரியில்லை என்று திருப்பிக் கொடுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடு தொட்டால் சுடுகிறது என்று பயப்படத் தேவையில்லை. உள்ளிருக்கும் சூடு வெளியே வருகிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

டிரிம் பற்றியும் சிலர் உங்களைப் பயமுறுத்துவார்கள். அழித்த கோப்புகள் இருந்த இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவித்து, அது அவற்றை முன்கூட்டியே துடைத்துவைக்கச் செய்யும் கட்டளை அது. தண்டர்போல்ட் வழியாக இணைந்த என்விஎம்இக்கு அது தடையின்றிப் போய்ச் சேரும். யூஎஸ்பி வழியாகப் போய்ச் சேரும் என்று நம்பியிருக்க முடியாது. அதற்காகத் தண்டர்போல்ட் வாங்க வேண்டியதில்லை. 500 ஜிபி போதும் என்று தோன்றினால் 1 டிபி வாங்கி, எப்போதும் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வைத்திருந்தால், உங்கள் வகை வேலையில் அந்தக் குறை பல ஆண்டுகளுக்கு உறைக்காது.

நிறுவும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேக்கிலுள்ள டிஸ்க் யூட்டிலிட்டி மென்பொருளில் எல்லாச் சாதனங்களையும் காட்டச் சொல்லி, கூட்டுக்குரிய வரிசையில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ள முழுச் சாதனத்தையே தேர்ந்தெடுத்து, ஜியுஐடி பகிர்வு முறையிலும் ஏபிஎஃப்எஸ் வடிவத்திலும் அழித்துத் தயார் செய்யுங்கள். பழைய டிஸ்கை அப்படியே நகலெடுக்க முயல வேண்டாம். பிக் சர் பதிப்பிலிருந்து இயங்குதளப் பகுதி முத்திரையிட்டு வைக்கப்படுவதால் அது வீண் தலைவலி. வெளி எஸ்எஸ்டியில் வென்ச்சுராவைப் புதிதாக நிறுவி, முதல் தொடக்கத்தின்போது மைக்ரேஷன் அசிஸ்டென்ட் கேட்கும் இடத்தில் பழைய டிஸ்கைக் காட்டினால், கோப்புகளும் மென்பொருள்களும் வந்து சேர்ந்துவிடும். அந்த மெதுவான டிஸ்கிலிருந்து படிக்க வேண்டியிருப்பதால் ஓர் இரவு முழுவதும் ஆகலாம். பிறகு ஸ்டார்ட்அப் டிஸ்க் அமைப்பில் புதியதைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள். 2017 மாடலில் டி2 பாதுகாப்புச் சில்லு இல்லாததால் வெளியிலிருந்து பூட் செய்யத் தனி அனுமதி எதுவும் தேவைப்படாது. டிஸ்குகளை உறங்கவைக்கும் தேர்வை அணைத்துவிடுங்கள். கடவுச்சொல் இல்லாமல் கோப்புகளைப் படிக்க முடியாதபடி பூட்டும் ஃபைல்வால்ட் குறியாக்கத்தையும் இயக்கிவிடுங்கள். ஐமேக்கைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது, ஆனால் உள்ளங்கை அளவுக் கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். உள்ளே இருக்கும் பழைய டிஸ்கை ஒரு மாதம் தொடாமல் விட்டுவைத்து, எல்லாம் சரியாக இருப்பது உறுதியான பின் டைம் மெஷின் என்னும் காப்புநகல் வசதிக்குக் கொடுத்துவிடலாம். அந்த வேலைக்கு அதன் வேகம் தாராளம்.

கேள்வி: 10 ஜிகாபிட் கூடு வாங்கியும் என் மேக்கில் வினாடிக்கு 40 எம்பிக்கு மேல் வரவில்லை. கூடு போலியா? (வாசகர், ஓசூர்)

பதில்: நாற்பது என்ற எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. அது யூஎஸ்பி 2-இன் நடைமுறை வேகம். நீங்கள் செருகியிருப்பது கைபேசியைச் சார்ஜ் செய்யும் டைப்-சி கம்பியாகத்தான் இருக்க வேண்டும். முனைகள் ஒரே மாதிரி இருந்தாலும் பெரும்பாலான சார்ஜ் கம்பிகளுக்குள் வேகத் தடங்களுக்கான இழைகளே இருப்பதில்லை. 480 மெகாபிட்டோடு நின்றுவிடும். சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் யூஎஸ்பி பகுதியைத் திறந்து, உங்கள் கூட்டின் பெயருக்கு நேரே என்ன வேகம் காட்டுகிறது என்று பாருங்கள். 480 என்றிருந்தால் கம்பியை மாற்றுங்கள். 5 ஜிகாபிட் என்றிருந்தால் துளையை மாற்றுங்கள்.

கேள்வி: பழுதான மடிக்கணினியிலிருந்து ஓர் எம்.2 எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்திருக்கிறேன். அது சாட்டாவா என்விஎம்இயா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தவறான கூட்டில் போட்டால் எரிந்துவிடுமா? (வாசகி, திருச்சி)

பதில்: தங்க நிறப் பற்கள் இருக்கும் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. இரண்டு வெட்டோடு வந்த என்விஎம்இகளும் சில உண்டு என்பதால், மேலே ஒட்டியிருக்கும் தாளில் உள்ள மாடல் எண்ணை இணையத்தில் தேடி உறுதி செய்துகொள்வதே சரியான வழி. தவறான கூட்டில் போட்டால் எரியாது. கணினிக்கு அது தென்படாது, அவ்வளவுதான். சந்தேகமாகவே இருந்தால் ஆர்டிஎல்9210பி சில்லு உள்ள கூட்டை வாங்குங்கள்; அது இரண்டு வகையையும் ஏற்கும். நீளத்தையும் அளந்துகொள்ளுங்கள். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். 2242, 2230 ஆகிய குட்டை வகைகளுக்குக் கூட்டில் திருகு மாட்டும் இடம் இருக்க வேண்டும்.

அதில் உங்கள் பழைய கோப்புகள் இருந்தால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 10, 11 மடிக்கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலேயே குறியாக்கம் இயங்கிக்கொண்டிருக்கும். வேறு கணினியில் செருகியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டால் பதறாதீர்கள். அந்த மடிக்கணினியில் நீங்கள் நுழையப் பயன்படுத்திய மைக்ரோசாஃப்ட் கணக்கின் பக்கத்தில் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். அந்த எண்ணைக் கொண்டு கோப்புகளை முதலில் எடுத்துவைக்காமல் எஸ்எஸ்டியை அழித்துவிட்டு பூட் டிரைவாக மாற்றிவிட்டால், பிறகு யாராலும் மீட்டுத்தர முடியாது.

கேள்வி: அதே போல விண்டோஸையும் வெளிக்கூட்டில் நிறுவி பூட் செய்ய முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: நேரடியாக முடியாது. யூஎஸ்பி வழியாக இணைந்த டிரைவில் நிறுவ விண்டோஸின் நிறுவல் நிரலே மறுத்துவிடும். 2012-இல் விண்டோஸ் 8-இன் நிறுவனப் பதிப்பில் விண்டோஸ் டு கோ என்ற பெயரில் மைக்ரோசாஃப்ட் இந்த வசதியைத் தந்தது. 2020-இல் அதை நீக்கிவிட்டது. ரூஃபஸ் போன்ற இலவச மென்பொருளால் இப்போதும் அப்படி ஒன்றை உருவாக்கலாம். சோதனைக்கும் அவசரத்துக்கும் அது சரி. கணக்கு வழக்கு பார்க்கும் அன்றாடக் கணினிக்கு நான் சொல்ல மாட்டேன். உங்களுடையது மேசைக் கணினியானால் கூட்டுக்குச் செலவிடாமல், பக்கவாட்டு மூடியைத் திறந்து சாட்டா எஸ்எஸ்டியை உள்ளேயே பொருத்திவிடுங்கள். இரண்டு திருகு, இரண்டு கம்பி, வேலை முடிந்தது.

கேள்வி: ராஸ்ப்பெரி பை 4 என்னும் ஒற்றைப் பலகைச் சிறு கணினியை மெமரி கார்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டியிலிருந்து ஓட்டுகிறேன். சில நேரம் தொடங்குகிறது, சில நேரம் நடுவில் நின்றுவிடுகிறது. (மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: மின்சாரம், பாலச் சில்லு என இரண்டு இடங்களில் தேடுங்கள். பை 4-இன் நான்கு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான் கிடைக்கும். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டிக்கு அது போதும்; என்விஎம்இ எஸ்எஸ்டி எழுதும்போது அந்த எல்லையைத் தாண்டிவிடக்கூடும். கைபேசிச் சார்ஜரை விட்டுவிட்டு 5.1 வோல்ட், 3 ஆம்பியர் கொண்ட அதிகாரபூர்வ மின்னிணைப்பைப் பயன்படுத்துங்கள். அப்படியும் நின்றால் தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாக இணையுங்கள். ஹப் வேண்டாம் என்று சிவகாசி வாசகருக்குச் சொன்னதற்கு இது மட்டும் விதிவிலக்கு.

மின்சாரம் சரியாக இருந்தும் நின்றால், சில்லுதான் காரணம். முன்பு நான் புகழ்ந்த யூஏஎஸ்பி முறையைச் சில ஜேமைக்ரான் சில்லுகள் பை 4-இல் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் சரிவரக் கையாளுவதில்லை. தொடக்க அமைப்புக் கோப்பில் அந்தச் சில்லின் அடையாள எண்ணைக் குறிப்பிட்டு, அதற்கு மட்டும் பழைய முறையில் பேசுமாறு லினக்ஸுக்குச் சொல்லிவிடலாம். வேகம் சற்றுக் குறையும், ஆனால் நிற்காது. கூட்டைத் திருப்பிக் கொடுக்க முடியுமானால் கொடுத்துவிட்டு, ஏஎஸ்மீடியா சில்லு உள்ளதாகப் பார்த்து வாங்குவது மேல். அடுத்து பை 5-க்கு மாறும் எண்ணம் இருந்தால் கூடே வாங்க வேண்டாம். அதில் என்விஎம்இயை நேரடியாக இணைக்கும் துணைப்பலகை கிடைக்கிறது.

கேள்வி: எம் வரிசைச் சில்லு கொண்ட மேக் மினியை 256 ஜிபியோடு வாங்கிவிட்டேன். இடம் போதவில்லை. நானும் வெளி எஸ்எஸ்டியிலிருந்து பூட் செய்யலாமா? (வாசகி, சென்னை)

பதில்: செய்யலாம், ஆனால் செய்யத் தேவையில்லை. சிவகாசி வாசகரின் ஐமேக்கில் உள்ளே இருப்பது நொண்டி. உங்களுடையதில் உள்ளே இருப்பதுதான் குதிரை. ஆப்பிள் சில்லு கொண்ட மேக்குகளில் வெளியிலிருந்து பூட் செய்தாலும் தொடக்கத்தின் முதல் கட்டம் உள்ளிருக்கும் எஸ்எஸ்டியிலேயே நடக்கிறது. ஆகவே அது பழுதானால் வெளி டிரைவ் உங்களைக் காப்பாற்றாது. இயங்குதளத்தையும் மென்பொருள்களையும் உள்ளேயே விட்டுவிட்டு, புகைப்படத் தொகுப்பு, வீடியோ, பழைய வேலைக்கோப்புகள் ஆகியவற்றை மட்டும் வெளியே கொண்டுபோங்கள். அதற்கு 10 ஜிகாபிட் கூடு போதும். கூட்டிலேயே வீடியோவை வைத்துத் தொகுப்பவரானால் ஏஎஸ்எம்2464பிடி சில்லு கொண்ட யூஎஸ்பி4 கூட்டைப் பாருங்கள். தண்டர்போல்ட் கூட்டுக்கு இணையான வேகத்தை அது தரும்.

இல்லை, வெளியிலிருந்தே பூட் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், நிறுவும்போது எந்தத் துளையில் செருகுகிறீர்கள் என்பது முக்கியம். ஆப்பிள் சில்லு கொண்ட ஒவ்வொரு மேக்கிலும் பழுதுநீக்கத்துக்கென்று குறித்த டிஎஃப்யூ துளை ஒன்று உண்டு. அதில் கூட்டைச் செருகி நிறுவினால் வேலை நடுவில் தோற்றுவிடும். உங்கள் மாடலில் அது எந்தத் துளை என்பதை ஆப்பிளின் உதவிப் பக்கம் படத்தோடு காட்டுகிறது. அதை விட்டு வேறு டைப்-சி துளையில் செருகி நிறுவிக்கொள்ளுங்கள்.